மீதி ஐந்து மைல்

கதவைக் கொஞ்சம் சாத்திக்கொள்ளட்டுமா மிஸ்? தாழ்ப்பாள் வேண்டாம், சாத்தினால் போதும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது என் வீட்டுக்காரரின் அக்கா, சலேத் மைனி. அவர்களுக்குக் காது கூர்மை. நான் என் அடுப்படியில் மூச்சு விட்டால் அவர்கள் வீட்டிலிருந்து "என்னட்டி பெருமூச்சு விடுத" என்று கேட்பார்கள். நடுவில் ஒரு சந்து இருக்கிறது, அதையும் தாண்டி.

மிஸ் என்று கூப்பிடுகிறேனே, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டாக்டர் என்று கூப்பிட வேண்டும் என்று வாசலில் வாட்ச்மேன் சொன்னார். பன்னிரண்டு வருஷம் கான்வென்டில் படித்த வாய், புத்தகம் கையில் வைத்திருக்கும் பெண்ணைப் பார்த்தால் தானாக மிஸ் என்றுதான் வரும்.

என்னை உங்களுக்கு ஞாபகம் இருக்காது. நான் இமாக்குலின், சிலுவைத்துறை. பிப்ரவரியில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மாடியில் வெள்ளைக் காளான் மாதிரி ஒரு கருவியை நட்டுவிட்டு, சாயங்காலம் பங்குக் கூடத்தில் பேசினீர்கள் இல்லையா. கடைசி வரிசையில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஒருத்தி எழுந்து எழுந்து உட்கார்ந்தாளே, அது நான். இவள்தான் அந்தக் குழந்தை, ஜெர்லின். அப்போது இரண்டு மாதம், இப்போது ஐந்து நெருங்குகிறது. மேஜை மேல் இருப்பதை இழுப்பாள், அந்தப் பேனாவை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

எனக்கு வேண்டியது ஒரு கடிதம். உங்கள் நிலையத்துத் தாளில், உங்கள் கையெழுத்தும் முத்திரையும் வைத்து. என் வீட்டுக்காரர் கஸ்பாரும், மைனியின் வீட்டுக்காரர் டார்வின் அண்ணனும், கூட இரண்டு பேரும் பதினாறு நாளாக அக்கரையில், இலங்கைச் சிறையில் இருக்கிறார்கள். எல்லை தாண்டினார்கள் என்று பிடித்தது. வியாழக்கிழமை வழக்கு வருகிறது. இன்று சாயங்காலத்துக்குள் கடிதம் கிடைத்தால் மீனவர் சங்கத்து வக்கீல் அனுப்பிவிடுவார். மூன்று நாற்பதுக்கு எங்களுக்குப் பஸ், அதை விட்டால் ஆறு மணிதான். உங்கள் கடிகாரம் சரியாகத்தானே ஓடுகிறது?

என்ன நடந்தது என்று முதலில் இருந்து சொல்லச் சொல்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் முதல் என்றால் உங்களிடம் இருந்துதான் தொடங்க வேண்டும். கோபித்துக்கொள்ளக் கூடாது.

நீங்கள் வந்து பேசாமல் இருந்திருந்தால் நான் பாட்டுக்குத் தூங்கியிருப்பேன் மிஸ். எங்கள் வீட்டில் செட் என்று சொல்லும் ஜி.பி.எஸ். கருவி இருக்கிற வரைக்கும் அவருக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் இருந்தேன். மாதா கூட இருக்கிறாள், செட் கூட இருக்கிறது. நீங்கள் வந்தீர்கள். சூரியன் இறங்கிய பிறகு, மேகமெல்லாம் தாண்டி, விமானமெல்லாம் தாண்டி, முன்னூறு கிலோமீட்டர் உயரத்தில், மின்சாரம் ஏறின காற்று கஞ்சி கொதிக்கிற மாதிரி குமிழ் விடும் என்றீர்கள். பூமியின் காந்த நடுக்கோடு நம் தலைக்கு மேலேயே போவதால் நம் பக்கம் அது அதிகம் என்றீர்கள். மார்ச் ஏப்ரலில் மும்முரம், மே பிறந்தால் அடங்கும், புரட்டாசி ஐப்பசியில் மறுபடி வரும். செயற்கைக்கோள் அனுப்பும் சிக்னல் அந்தக் குமிழுக்குள் மாட்டினால் நட்சத்திரம் மினுக்குகிற மாதிரி மினுக்கும், கருவிக்குப் பிடி நழுவும், இடம் தப்பாகக் காட்டும் என்றீர்கள். சரியாகச் சொல்கிறேனா? எனக்கு எப்போதும் அறிவியலில் நல்ல மார்க்.

இடம் தப்பாகக் காட்டும் என்று நீங்கள் சொன்ன அதே நேரம் இவள் வீரிட்டாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தூக்கிக்கொண்டு வெளியே போய்க் கொடிமரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். திரும்பி வந்தபோது உங்களுக்குக் கைதட்டிவிட்டுச் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சுண்டல் இறங்கவில்லை.

அன்றைக்குப் பிடித்த பயம். இவள் பிறந்ததில் இருந்தே எனக்குள் ஏதோ உதறிக்கொண்டுதான் இருந்தது, அது வேறு. இது பெயர் தெரிந்த பயம். அவர் சாயங்காலம் நாலு மணிக்கு வள்ளத்தைத் தள்ளினால் நான் ஏழு மணியில் இருந்து போனைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். வரைபடத்தில் நீலப் புள்ளி இருக்குமே, நாம் இருக்கிற இடம். நான் கட்டிலில் இருக்கிறேன், புள்ளி என்னைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுப் பன்றிக் கொட்டிலில் வைக்கிறது. கொஞ்ச நேரம் கழித்துக் கிணற்றடியில். என்னையே இப்படி வைக்கிறது என்றால் நடுக்கடலில் அவரை எங்கே வைக்கும்?

சிரிக்கிறீர்கள். கான்கிரீட் கூரைக்குக் கீழே உட்கார்ந்தால் என்றைக்கும் அப்படித்தான் காட்டுமா? குமிழ் இல்லாத நாளிலும்? அது எனக்குத் தெரியாது மிஸ். தெரிந்திருந்தால் வெளியே போய் உட்கார்ந்து பார்த்திருப்பேன்.

அவரிடம் சொன்னேன். தினமும் சொன்னேன். சோறு போடும்போது, வலை அள்ளிக் கொடுக்கும்போது. "ஏழு மணிக்கு மேல செட்ட நம்பாதீங்க, சீக்கிரம் திரும்பிருங்க." அவர் என்னை டீச்சர் என்றுதான் கேலி செய்வார். "ஏ டீச்சரு, மீனு என்ன உன் கிளாஸ் பிள்ளையளா, மணியடிச்சா வந்து லைன்ல நிக்க? ராத்திரிதாம்டி ஏறும்." மைனி சந்துக்கு அந்தப் பக்கம் இருந்தே, "புருசன் தொழிலுக்குப் போவும்போது வாசல்ல நின்னு பொலம்பாத. கான்வென்ட்ல இதான் சொல்லிக் குடுத்தாளுவளா?" என்பார்கள். நான் சொல்வதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. செட் சொன்னால் மட்டும் கேட்பார்கள்.

அதனால்தான் செட்டையே சொல்ல வைத்தேன்.

அவசரப்படாதீர்கள், சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒருவரும் செட்டை வள்ளத்தில் விட்டுவிட்டு வர மாட்டார்கள். துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து மாதா படத்துக்குக் கீழே வைப்பார்கள். அதற்குள்தான் பார்கள் இருக்கின்றன. பார் என்றால் கடலடிப் பாறைத் திட்டு, மீன் கூடுகிற இடம். முன்பு மலையையும் கோயில் கோபுரத்தையும் சேர்த்துப் பார்த்து மனசில் வைத்திருந்தார்கள், இப்போது எண்ணாகச் செட்டில் இருக்கிறது. கூடப் பிறந்தவனுக்கும் காட்ட மாட்டார்கள். ஆனால் செட்டில் எழுத்தெல்லாம் இங்கிலீஷ். அதனால் படித்த பெண் வாழ்க்கைப்பட்ட வீடுகளில் எண் ஏற்றுவது அவள் வேலை. வள்ளத்தில் எங்கள் கால் படக் கூடாது என்பார்கள், வள்ளத்தின் மூளை எங்கள் அடுப்படியில்தான் இருக்கும். இவள் பிறந்த வாரம் ஒரு புதுப் பார் கிடைத்தது. ஜெர்லின் என்றே பெயர் போட்டு ஏற்றச் சொன்னார், ஏற்றினேன்.

எல்லைக் கோடும் அப்படி ஏற்றியதுதான். சங்கத்தில் அச்சடித்துக் கொடுத்த தாளைப் பார்த்து, ஏழு புள்ளி. கல்யாணமான புதிதில் நானே ஏற்றினேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு புள்ளியையும் சேர்த்தால் திரையில் ஒரு கோடு. வள்ளம் அதைத் தாண்டினால் செட் கத்தும்.

மார்ச் இரண்டாம் சனிக்கிழமை. அவர் கடலில் இருந்து வந்து பாயில் விழுந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இவளைக் காலில் போட்டு ஆட்டிக்கொண்டே செட்டை எடுத்தேன். ஏழு புள்ளியிலும் தீர்க்கரேகை நிமிடத்தில் ஐந்தைக் குறைத்தேன். அவ்வளவுதான், இவள் தூங்குவதற்குள் முடிந்துவிட்டது. கோடு ஐந்து கடல்மைல் நம் கரைப்பக்கம் வந்துவிட்டது.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்?

கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை மிஸ். வானம் எவ்வளவு தப்பாகக் காட்டினாலும் ஐந்து மைல் கையிருப்பு இருக்கும் இல்லையா? எங்கள் ஹாஸ்டலில் ஹெலன் சிஸ்டர் மணிக்கூண்டுக் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் கூட்டித்தான் வைப்பார்கள். பிள்ளைகள் பூசைக்குத் தாமதமாகக் கூடாது என்று. அது பொய்யா, நல்லது தானே. ஒரு மாதத்தில் எங்கள் எல்லாருக்கும் தெரிந்துபோய், பத்து நிமிஷம் கழித்துக்கொண்டு தூங்கினோம், அது வேறு விஷயம். சிஸ்டர் மேல் என்ன தப்பு?

அன்றைக்கே செட் கத்தியது. எங்கள் வீட்டுப் பெரிய பாரில் வைத்தே கத்தியது. அது உண்மையான எல்லைக்கு மூன்று மைல் இந்தப் பக்கம் இருக்கிறது, அவருடைய அப்பா காலத்தில் இருந்து வலை போடும் இடம். சூரியன் இறங்கிய நேரம் வேறு. விடிந்து வந்ததும் செட்டை என் மடியில் வைத்தார். "டீச்சரு, அந்த மிஸ் சொன்னாவல்லா, வானத்து நோவு. அது நம்ம செட்டயும் புடிச்சிட்டுட்டி. நம்ம பாருல நிக்கேன், கோட்டுக்கு அந்தப் பக்கம்னு கத்துது."

"அப்படியா" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

"சூச செட்டு கத்தலயே" என்றார். சூசை பக்கத்து வள்ளக்காரர், எப்போதும் கூடத்தான் போவார். அதற்கு நான், பழைய செட்டுக்குத்தான் அது கூடுதலாகப் படும் என்று சொன்னேன். அது ஒன்றுதான் நானாகச் சொன்னது. உடனே நம்பிவிட்டார். கூட்டத்துக்குப் போனவள் நான், அவர் வலை பின்னிக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் நன்றாக இருந்தது மிஸ். செட் கத்தியதும் பயந்து வலையை இழுத்து வாங்கிக்கொண்டு ஒன்பது மணிக்கெல்லாம் வந்துவிடுவார். நான் சூடாகக் குழம்பு வைத்துக் கொடுப்பேன். அந்த ஒரு வாரம்தான் இவளும் ராத்திரி அழாமல் தூங்கினாள். நானும் தூங்கினேன்.

அப்புறம் கத்தக் கத்தப் பழகிப்போனது. டார்வின் அண்ணன் வேறு சும்மா இருக்க மாட்டார். "மாப்ள, உன் செட்டுக்கும் உன் பொண்டாட்டிக்கும் ஒரே வாய்டே. ஏழு மணியானா வீட்டுக்கு வா வீட்டுக்கு வாங்குது." கரை முழுக்கச் சிரித்தது. மூன்றாவது வாரம் செட் வீட்டுக்கு வந்தபோது, பக்கவாட்டில் சத்தம் வரும் ஓட்டைகள் மேல் கறுப்பு டேப்பை நாலு சுற்று சுற்றியிருந்தார்கள். அண்ணன் கைவேலை.

அப்போதே கோட்டைப் பழைய இடத்தில் வைத்திருக்கலாமே என்று நினைக்கிறீர்கள். நானும் நினைத்தேன். பெரிய வியாழன், பெரிய வெள்ளி, சனி, மூன்று நாளும் ஊரில் கடலுக்குப் போகவில்லை, செட் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. சிலுவைப் பாதை முடிந்து வந்து எடுத்தேன் கூட. ஆனால் திடீரென்று கத்துவது நின்றால், நோவு எப்படித் தீர்ந்தது என்று கேட்பாரே? நீங்கள்தான் மே பிறந்தால் குமிழ் அடங்கும் என்றீர்கள். மே முதல் வாரம் மாற்றிவிட்டால் தானாகத் தீர்ந்த மாதிரி இருக்கும் என்று கணக்குப் போட்டு, மறுபடி துண்டில் சுற்றி வைத்துவிட்டேன்.

டேப்பை மட்டுமாவது பிரித்திருக்கலாம். பிரிக்கவில்லை.

ஈஸ்டர் முடிந்த புதன்கிழமை பிடித்தார்கள். நடந்ததைச் சூசை வந்து சொன்னதுதான் எங்களுக்குத் தெரியும். இரண்டு வள்ளமும் பெரிய பாரில் வலை விட்டுக் கிடந்திருக்கின்றன. நீரோட்டம் கிழக்கே இழுத்திருக்கிறது. எட்டேகால் இருக்கும், இரண்டு பேர் செட்டும் செத்துவிட்டது. திரையில் செயற்கைக்கோளைத் தேடுகிறேன் தேடுகிறேன் என்றே ஓடிக்கொண்டிருந்ததாம். சூசை அதற்கு மேல் நிற்கவில்லை. பாதி வலையோடு வாங்கிப் போட்டு, திசைகாட்டியைப் பார்த்து மேற்கே விரட்டியிருக்கிறார். ஒயர்லெஸ்ஸில் இவரைக் கூப்பிட்டிருக்கிறார், "கஸ்பாரு, வாடே, வலய அறுத்துட்டு வா." அதற்கு இவர் சொன்னாராம்: "பயப்படாத சூச. கோட்டுக்கு இன்னும் நெறைய கெடக்கு. இந்தச் செட்டு கத்துறது, காட்டுறது எதயும் நம்பாத. எம் பொண்டாட்டி இதப் படிச்சவ. நான் வல முழுசும் வாங்கிட்டு வாரேன்."

சூசை கரையில் நின்று இதைச் சொல்லும்போது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பாவமாகத்தான் பார்த்தார்கள்.

செட்டுக்கு உயிர் வந்தபோது வள்ளம் நிஜக் கோட்டையும் தாண்டி இலங்கைத் தண்ணீரில் நின்றிருக்கிறது. எதிரே கடற்படைப் படகின் விளக்கு.

இதோ, எட்டிப் பார்க்கிறார்கள். இல்ல மைனி, இன்னும் எழுதல. கேட்டுட்டு இருக்காவ. பிள்ளை இருக்கட்டும், அழல. நீங்க உக்காருங்க.

போய்விட்டார்கள். காலையில் வரும்போது பஸ்ஸில் மைனி என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்கள் மிஸ். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் முதல் தடவை. "நீ படிச்சவ இருக்கப் போய் எங்களுக்கு ஒரு வழி கெடைக்கும்ட்டி. இல்லாட்டி வானத்துல நோவுன்னு நாங்க எங்க போய்ச் சொல்ல?" என்றார்கள். அவர்களுக்கு மூன்று பிள்ளைகள். டார்வின் அண்ணனுக்குச் சர்க்கரை வேறு, மாத்திரை உள்ளே கொடுக்கிறார்களா என்று தெரியவில்லை.

போன வாரம் அவரோடு போனில் மூன்று நிமிஷம் பேச விட்டார்கள். நலமா என்று நான் கேட்பதற்குள், "எளா, அந்த மிஸ்ஸக் கண்டுபிடி. வானத்து நோவு நிசந்தான்னு எழுதி வாங்கு. நீதான் மொதல்ல இருந்து சொன்ன. நான்தான் கேலி பண்ணிட்டேன்" என்றார். பிள்ளை குப்புற விழுகிறாளா என்று கேட்டார். விழுகிறாள் என்றேன். மூன்று நிமிஷம் முடிந்துவிட்டது.

சரி, வக்கீல் விஷயத்துக்கு வருகிறேன். தெரியாமல் முதல் தடவை வந்தவர் என்றால் எச்சரித்து அனுப்பிவிடுவார்களாம். வழக்கமாக வருகிறவர் என்று தீர்ந்தால் வருஷக் கணக்கில் உள்ளே, வள்ளமும் திரும்பாது. அங்கே செட்டைத் திறந்து பார்த்துப் படம் எடுத்திருக்கிறார்கள். வக்கீலுக்கு வந்த படத்தை எனக்கு அனுப்பினார், பாருங்கள். நடுவில் இது கோடு, நான் நகர்த்தி வைத்த கோடு. இந்த வளைந்து வளைந்து போவது வள்ளம் போன வழி. கோட்டைத் தாண்டி, திரும்பி, தாண்டி, திரும்பி. சாக்கைத் தைத்த மாதிரி. பதினோரு தடவை. அடுத்த படம் டேப். எல்லை தாண்டுவதே தொழில், சத்தம் கேட்கக் கூடாது என்று வாயையும் அடைத்து வைத்திருக்கிறான் என்று எழுதியிருக்கிறார்கள்.

கஸ்பார் வானத்தைச் சொல்கிறார். வக்கீலும் அதையே பிடித்துக்கொண்டார். இதுதான் அவர் எழுதித் தந்த வாசகம், இதை அப்படியே உங்கள் தாளில் போட்டால் போதும் என்றார். "மேற்படி மாதங்களில் அயனி மண்டலக் கொந்தளிப்பினால் மேற்படி கருவிகள் ஐந்து கடல்மைல் வரை பிழையாகக் காட்டக்கூடும்."

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

எவ்வளவு?

நாற்பது மீட்டரா? மைல் இல்லையா? மோசமான சாயங்காலத்தில்? எங்கள் வள்ளத்தை நாலு தடவை நீட்டி வைத்தால் அவ்வளவுதானே மிஸ். அதற்கும் மேலே போனால் செட் ஒரேயடியாக இடம் தெரியவில்லை என்று சொல்லிவிடும், ஐந்து மைல் தள்ளி ஒரு இடத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்காதா?

இதைக் கூட்டத்தில் சொன்னீர்களா?

சொல்லியிருப்பீர்கள். நான் கொடிமரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் வேண்டாம் மிஸ். வக்கீல் எழுதிய தாளைக் கொடுங்கள், மடித்து வைத்துக்கொள்கிறேன்.

நாற்பது மீட்டர் என்று அன்றைக்கே காதில் விழுந்திருந்தால் நான் இதைச் செய்திருப்பேனா? பஸ்ஸில் யாராவது கேட்டிருந்தால் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். செய்திருப்பேன் மிஸ். வேறு ஏதாவது சாக்குச் சொல்லிச் செய்திருப்பேன். எனக்கு மைல் பெரிதில்லை. அவர் ஏழு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும். வானம் நல்ல சாக்காக வந்தது, பிடித்துக்கொண்டேன்.

என்ன டைப் செய்கிறீர்கள்? கடிதமா? என் கடிதமா?

எனக்கு இங்கிலீஷ் படிக்க வரும், திருப்புங்கள். பன்னிரண்டாம் தேதி மாலை எட்டு பத்தில் இருந்து எட்டு ஐம்பத்திரண்டு வரை சிலுவைத்துறைக் கருவியில் கடுமையான கொந்தளிப்பு பதிவாகியுள்ளது. அப்படியா? எட்டு பத்தா? அப்படியானால் சூசை சொன்னது சரிதான். அந்த நாற்பது நிமிஷம் நிஜம். அவருக்கு நிஜமாகவே கண் கட்டியிருந்தது. இதை நீங்கள் எழுதிக் கொடுப்பீர்களா? பதிவின் படத்தோடா? கடவுள் உங்களுக்கு நல்லது செய்வார் மிஸ்.

அடுத்த வரி. இத்தகைய கொந்தளிப்புகளால் கருவி காட்டும் இடத்தில் பிழைகள் ஏற்படக்கூடும். எவ்வளவு பிழை என்று போடவில்லையே நீங்கள்.

வேண்டுமென்றுதான் போடவில்லை. தெரிகிறது. உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இதில் பொய் இல்லை, படிக்கிறவர்கள் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். என்னை மாதிரியே யோசிக்கிறீர்கள். நானும் "அப்படியா" என்றுதான் சொன்னேன்.

இதை வாங்கிக்கொண்டு போனால் மூன்று நாற்பது பஸ்ஸைப் பிடித்துவிடலாம். மைனி என் தலையை மறுபடி தோளில் சாய்த்துக்கொள்வார்கள். அவர் அங்கே, என் பொண்டாட்டி எழுதி வாங்கிவிட்டாள் என்று நாலு பேரிடம் சொல்வார். வியாழக்கிழமை அந்தப் பக்கத்து வக்கீல் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார். எவ்வளவு பிழை? உங்களுக்கு போன் போட்டால் சொல்லிவிடுவீர்கள் இல்லையா? சொல்லித்தானே ஆக வேண்டும். அப்போது படத்தில் இருக்கிற பதினோரு தையலும் அப்படியே இருக்கும், அது முழுக்க அவர் தலையில்தான் இறங்கும். அந்தக் கோடு தப்பு என்று யாராவது சொன்னால்தானே எண்ணை வைத்து அளந்து பார்ப்பார்கள். அளந்தால் பத்துத் தடவை அவர் நம் தண்ணீரில்தான் இருந்தார் என்று தெரிந்துவிடும். சொல்லாமல் எவன் அளப்பான்? அது தப்பு என்று உலகத்தில் தெரிந்தது என் ஒருத்திக்குத்தான். இப்போது உங்களுக்கும்.

எண்ணைப் போடுங்கள் மிஸ். நாற்பது மீட்டர் என்றே போடுங்கள். ஐந்து மைல் காட்டாது என்றும் போட முடியுமானால் போடுங்கள். நீங்கள் அவ்வளவுக்குக் கையெழுத்துப் போடுங்கள். மீதி ஐந்து மைலுக்கு நான் தனியாகக் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு வெள்ளைத் தாள் கொடுங்கள், கோடு போடாததாக இருந்தாலும் பரவாயில்லை, எனக்கு நேராக எழுத வரும். பழைய எண், மாற்றிய எண் இரண்டும் மனப்பாடம். ஏழு புள்ளிக்கும் எழுதுகிறேன், இங்கிலீஷிலேயே எழுதுகிறேன். மனைவி சொல்வதை நம்ப மாட்டார்கள் என்கிறீர்களா? எண்ணை அளந்து பார்க்கட்டும். என்னை நம்ப வேண்டாம்.

ஆனால் எழுதுவதற்கு முன்னால் வெளியே இருப்பவர்களிடம் சொல்லிவிட வேண்டும். தாளில் எழுதி, வக்கீல் வாசித்து, அவர் மூலமாக ஊருக்குத் தெரிந்து, அப்புறம் மைனிக்குத் தெரியக் கூடாது. அவர்கள் புருஷனும் சேர்ந்துதானே உள்ளே இருக்கிறார். கஸ்பாரிடம் அடுத்த மூன்று நிமிஷத்தில் சொல்ல வேண்டும். பிள்ளையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும், கேட்டுவிட்டால் எனக்கு வாய் வராது. அது இருக்கட்டும். முதலில் இது.

மூன்று நாற்பது போகட்டும். ஆறு மணிக்குப் போய்க்கொள்கிறோம், வக்கீலுக்குப் படம் எடுத்து அனுப்பிவிடலாம்.

மைனி! உள்ள வாங்க. ஆமா, எழுதுதாவ. இல்ல, இன்னும் முடியல. வாங்க, இந்த நாற்காலியில உக்காருங்க. நான் ஒண்ணு சொல்லணும்.

மிஸ், பிள்ளையைக் கொஞ்சம் உங்கள் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். தலைக்கு அடியில் கை கொடுங்கள், அப்படித்தான். என் மடியில் பிள்ளை இருந்தால் மைனி என்னை அடிக்க மாட்டார்கள்.